எந்த ஊர் சரக்கு

ஸ்பேனருக்கும் கட்டிங் பிளேயருக்கும் எது சொந்த நாடு என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் என் வேலை என்றால் என் மாமியார் இன்றைக்கும் சிரிப்பார். "அதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு ஏசி வேற" என்பார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது அந்தப் பேச்சு வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

தொம்மலூரில் எங்கள் கம்பெனி. வெளிநாட்டிலிருந்து கைக்கருவிகளை வரவழைத்துக் கடைகளுக்கு விற்பவர்கள். சரக்கு வந்து இறங்கும்போது கஸ்டம்ஸுக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே, எந்த நாட்டில் செய்தது என்று ஒரு கட்டம் இருக்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. துபாயில் இருக்கும் வியாபாரி நாலு நாட்டுச் சாமானை ஒரே பெட்டியில் போட்டு அனுப்புவார். இரும்பை ஓரிடத்தில் அடித்திருப்பார்கள், கைப்பிடிக்கு ரப்பரை வேறொரு நாட்டில் மாட்டியிருப்பார்கள், அட்டைப் பெட்டியில் அடைத்தது மூன்றாவது நாடாக இருக்கும். ரப்பர் மாட்டியவரும் பெட்டியில் போட்டவரும் கணக்கிலேயே வரமாட்டார்கள். இரும்பு எங்கே பிளேயராக ஆனதோ அதுதான் அதன் நாடு. பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிட்டவள் பெற்றவள் ஆகிவிட முடியுமா?

இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபீசில் மற்றவர்கள் கோடவுனுக்குப் போன் செய்தால் இங்கிலீஷில்தான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பக்கம் இருப்பவர் "ஆங்? ஆங்?" என்பார், இவர்கள் குரலை உயர்த்துவார்கள். நான் அப்படி இல்லை. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக இந்தக் கன்னட ஊரில் இருக்கிறேன், கடைத்தெருவில் எப்படிப் பேசினால் எப்படிப் பதில் வரும் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் கோடவுன் கலாசிபாளையத்தில் இருந்தது. அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவர் ஸ்ரீராம்புரம்காரர், ஐம்பத்து நாலு வயது. படித்தது கன்னடப் பள்ளிக்கூடம், வீட்டில் பேசுவது தமிழ். வாயில் இரண்டும் கலந்து வரும். யாரையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டார், சாமானை மட்டும் நம்புவார். ஒரு பிளேயரைக் கையில் வாங்கி இரண்டு தடவை திறந்து மூடினால் போதும், இது ஆறு மாதம் வரும், இது ஆறு வருடம் வரும் என்று சொல்லிவிடுவார். நான் பார்த்தவரை அது தப்பியதில்லை.

ஒரு முறை பன்னிரண்டு வகைச் சாமான் வந்தது. பதினொன்றுக்குக் காகிதம் சரியாக இருந்தது. நீல ரப்பர் கைப்பிடி போட்ட எட்டு அங்குலக் கட்டிங் பிளேயருக்கு மட்டும் நாட்டின் பெயரே இல்லை. துபாய்க்காரருக்கு மெயில் போட்டேன். "போன தடவை மாதிரியே" என்று பதில் வந்தது. போன தடவை என்று ஒன்று கிடையாது, அந்தப் பிளேயரே எங்களுக்குப் புதிது. அன்று சாயங்காலத்துக்குள் படிவம் போயாக வேண்டும். சாம்பிள் ஒன்று கோடவுனில் இருந்தது நினைவுக்கு வந்தது. போன் போட்டேன்.

"அண்ணா, அந்த நீலக் கைப்பிடி பிளேயர் இருக்குதே, அது எந்த ஊர் சரக்கு?"

"ஸ்வல்ப இருங்கம்மா" என்றார். டிராயரை இழுக்கும் சத்தமும், பிறகு பிளேயர் திறந்து மூடும் சத்தமும் போனிலேயே கேட்டன. "தைவான்மா. டவுட்டே வேணா."

கட்டத்தில் தைவான் என்று போட்டேன். கையெழுத்தும் போட்டேன். வேலை முடிந்தது என்று காபி குடிக்கப் போனேன்.

நாலாம் நாள், சரக்கு வந்து இறங்கும் ஒயிட்பீல்டு யார்டில் கஸ்டம்ஸ் அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். பிளேயரின் நீல ரப்பரைப் பிளேடால் கீறி உரித்திருக்கிறார். உள்ளே இரும்பில் சீனா என்று அடித்திருந்தது. சரக்கை அங்கேயே நிறுத்தி வைத்து, தவறான நாட்டை எப்படிக் காட்டினீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள்.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. கடைத்தெருவில் நாட்டின் பெயர் நாட்டைக் குறிப்பதே இல்லை. ஜெர்மன் என்றால் முதல் தரம். தைவான் என்றால் நம்பி வாங்கலாம். சைனா என்றால் ஒரு மாதத்தில் வாய் மழுங்கிவிடும். "ஜெர்மன் காட்டட்டா, தைவான் போதுமா?" என்றுதான் கடைக்காரர் கேட்பார், காட்டுகிற இரண்டும் பஞ்சாபில் செய்ததாக இருக்கும். 'எந்த ஊர் சரக்கு' என்று அங்கே கேட்டால் எவ்வளவு நல்ல சரக்கு என்று அர்த்தம். எங்கே செய்தது என்று நான் கேட்டிருந்தால், "பேரே அடிக்கலையே, எனக்கெப்படிம்மா தெரியும்" என்று சொல்லியிருப்பார். நான் தரத்தைக் கேட்டேன், அவர் தரத்தைச் சொன்னார். அந்தப் பிளேயர் நல்ல பிளேயர்தான். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

இதை முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். அவர் பிரேசர் டவுன்காரர், இங்கிலீஷில் ஆரம்பித்துத் தமிழில் திட்டுவார். அவர் அறைக்குள் போகும்போது சொல்லிவிடுவது என்றுதான் போனேன். "யார் கையெழுத்து இது?" என்று அவர் கேட்டதும் வாய் தானாகத் திறந்தது.

"ஸ்டோர்ல கேட்டுத்தான் சார் போட்டேன்."

பொய் இல்லை. ஆனால் பொய்யைவிட மோசம்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப அவர்கிட்ட எழுதி வாங்கிடு. தப்பு யாருதுன்னு காட்டணும், ஆக்‌ஷன் எடுத்தோம்னு காட்டணும். இல்லேன்னா உன் பேர்தான் நிக்கும், பாத்துக்கோ."

ஒன்று என் வேலை, இல்லையென்றால் ஸ்டோர் கீப்பர் வேலை. இதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாக்குமூலத்தை நானே இங்கிலீஷில் டைப் செய்தேன். நாலே வாக்கியம். இன்ன தேதியில் ஆபீசிலிருந்து போன் வந்தது. பிளேயரைப் பற்றிக் கேட்டார்கள். தைவான் என்று சொன்னேன். நாலாவது வாக்கியம் இது: பொருளைச் சரியாகப் பார்க்காமல் அலட்சியமாக நாட்டின் பெயரைச் சொன்னது என் தவறு.

மத்தியானம் ஆட்டோ பிடித்து கோடவுனுக்குப் போனேன். தாளைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "இங்கிலீஷ் நமக்கு பிராண்ட் பேர் படிக்கிற அளவுக்குத்தாம்மா. என்ன எழுதியிருக்கு, படிங்க."

படித்தேன். முதல் வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். மூன்றாவதைச் சொன்னேன். அங்கே நிறுத்திவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று கேட்டால் இனி நான் சொல்லித் தருவேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சரியான இடத்தில் மூச்சை விட்டால் போதும்.

"அவ்ளோதானே?" என்றார்.

"அவ்ளோதாண்ணா."

"நான் சொன்னதுதானே. ஹவுது, ஆமா, தைவான்னுதான் சொன்னேன்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கன்னடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். "வெயில்ல வந்திருக்கீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க" என்று தானே எழுந்து போய் வாங்கிவந்தார். குடித்தேன். நன்றாகவே இருந்தது.

இரண்டு வாரத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். சரக்கும் வெளியே வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "நல்லா ஹேண்டில் பண்ணினே" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அன்று வீட்டுக்கு வந்ததும் காரணமே இல்லாமல் கணவரிடம் சண்டை பிடித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மதியம் ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டோர் கீப்பரிடமிருந்து போன் வந்தது. தெரிந்துவிட்டது, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நல்லா இருக்கீங்களாம்மா? நான் இப்ப ஒரு அபார்ட்மெண்ட்ல செக்யூரிட்டியா நிக்கிறேன். கால்தான் ஸ்வல்ப நோவு, பரவால்ல. ஒண்ணு சொல்லணும்னுதாம்மா போன் பண்ணேன். நீங்க நாடு கேட்டிருக்கீங்க. நான் பாட்டுக்குக் கடையில சொல்ற மாதிரி தைவான்னு சொல்லிட்டேன். அது ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு வெளங்கிச்சு. என்னால உங்களுக்கு ஆபீஸ்ல எவ்ளோ பேஜாரோ. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லண்ணா."

"மனசுல வெச்சுக்காதீங்கம்மா. தெரிஞ்சு பண்ணல."

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, கேட்டவள்தான் தப்பாகக் கேட்டாள், அந்தத் தாளில் நான் படிக்காத ஒரு வரி இருந்தது. இவ்வளவும் என் நாக்கு நுனியில் நின்றது. எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்னையே பார்த்தார்கள்.

"பரவாயில்லண்ணா" என்றேன். "விடுங்க."

"அப்பாடா" என்றார் அவர். "இப்பதாம்மா நிம்மதியாச்சு."