டோலியும் என் வலது முட்டியும்

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் நானும் என் தம்பியும் விடியுமுன் தென்காசியிலிருந்து கிளம்பிவிடுவோம். செண்பகாதேவி அருவிக்கு ஏற முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவது எங்கள் பிழைப்பு. ஒரே மூங்கில், நடுவில் தொங்கும் கித்தான் இருக்கை, முன்னால் நான், பின்னால் அவன். பின்னால் வருகிறவனுக்குப் பாதை தெரியாது; டோலி மறைத்துவிடும். அதனால் முன்னால் போகிறவன் சொல்லிக்கொண்டே போகவேண்டும். ‘கல்லு’ என்றால் காலைத் தூக்கி வைப்பான். ‘வழுக்கு’ என்றால் பெருவிரலை அழுத்தி ஊன்றுவான். நான் எதுவும் சொல்லாவிட்டால் பாதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு என் வலது முட்டி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் மடங்காது. கொஞ்ச தூரம் நடந்தபின் இளகும். உட்கார்ந்து எழுந்தால் நறநறவென்று சத்தம் வேறு. வெளியில் சொன்னால் மறுநாளே என் இடத்தில் வேறு ஆள் நிற்பான். வீட்டில் ஐந்து வயிறு. நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று மகா புத்திசாலியாக முடிவு செய்து, சாரல் ஓய்ந்தபின் எட்டு மாதம் காலை நீட்டிப் போட்டுப் பீடி சுற்றினேன். வலி குறைந்தது. கூடவே தொடையும் கரைந்தது. இடது தொடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வலது தொடை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. முட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டி, மேலே வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த சாரலில் வலது காலில் பாரத்தை நிறுத்தவே பயம். ஊன்றியதுமே இடது காலுக்குத் தாவிவிடுவேன். அதனால் டோலி பக்கவாட்டில் ஆடியது. தம்பி காரணம் கேட்டான்; மூங்கில் கோணல் என்றேன். அதை நம்பிப் புது மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தான். அதுவும் ஆடியது. கடைசியில் தன் நடையில்தான் கோளாறு என்று நினைத்து, காலடியை மாற்றி மாற்றி வைத்துப் பழகினான். அது தெரிந்தும் நான் சும்மா இருந்தேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆடியில் ஒரு நாள், அருவியில் குளித்துவிட்டு வந்த திருநெல்வேலி வக்கீல் ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஒல்லியான மனிதர், வாய் மட்டும் ஓயாது. அவருக்கும் முட்டிதான். மதராஸ் டாக்டர் சொன்னதையெல்லாம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒப்பித்துக்கொண்டே வந்தார். இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தைபோல இருப்பது தேய்ந்துபோகுமாம். வலிக்குப் பயந்து நடக்காமல் கிடந்தால் தொடைச் சதை வற்றிவிடுமாம். முட்டியை ஆடாமல் இழுத்துப் பிடித்திருப்பதே அந்தச் சதைதானாம்.

“ஏறும்போது சமாளிச்சிரலாம். இறக்கத்துலதான் சொல்லாமக் கொள்ளாம மடங்கிரும்” என்றார்.

மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இடது பக்கம் பள்ளத்தில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. பாதை அங்கே ஏழெட்டுப் படியாக வெட்டிய பாறையில் செங்குத்தாக இறங்கும். முதல் படியில் வலது காலை வைத்தேன். முட்டி ஒரு பக்கமாக நழுவி, மறுபடியும் வந்து உட்கார்ந்தது. மூங்கில் ஒரு சாண் கீழே போய் நின்றது. வக்கீல் இருக்கையின் இரண்டு ஓரத்தையும் பற்றிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லாததால் தம்பி அடுத்த அடியை எடுத்து வைத்துவிட்டான். பாரம் மொத்தமும் என் தோளில் வந்து இடித்தது.

இன்னும் சில படிகள்தான், எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். தொடை நடுங்குவது நிற்கவில்லை. அடுத்த தடவை மடங்கினால் மூன்று பேரும் பள்ளத்தில்.

“நில்லுலே. இறக்கு” என்றேன்.

இறக்கத்தின் நடுவில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். டோலிக்குப் பின்னாலிருந்து தம்பி, “என்னண்ணே, கல்லா, வழுக்கா?” என்று கேட்டான்.

“ரெண்டுமில்லலே. எங் காலு.”

வக்கீல் பாறையைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கி நின்றார். தம்பி சுற்றி வந்து, என் வேட்டியை விலக்கி, துணிக்கட்டையும் மெலிந்த தொடையையும் பார்த்தான். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டான். இரண்டு சாரல் ஆகிவிட்டது என்றேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ரெண்டு சாரலா ஒன் வாய நம்பித்தாண்ணே நான் கால வச்சேன்” என்றான்.

பிறகு டோலியை அங்கேயே பாறையோரம் போட்டுவிட்டு, வக்கீலை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். நான் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாகத் தேய்த்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். அடிவாரம் வரை அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.