மணியத்துக்காக எடுத்த காவடி

முருகனுக்கென்று நான் எடுத்த காவடி, உண்மையில் மணியத்தின் வயிறு எரிவதற்காக எடுத்தது. சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மனைவியின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்கான நேர்த்திக்கடன். மயில் காவடியை நானே செய்யப்போவதாக, சிம்பாங் ரெங்கத்தில் ஒரு கல்யாண விருந்தில் வாயை விட்டேன். பொந்தியானிலிருந்து வந்திருந்த பால்ய நண்பன் மணியம் கோழிக்காலைக் கடித்தபடியே கேட்டான்: "நீ ஆரம்பிச்சது எது லா முடிஞ்சிருக்கு, மச்சான்? உன் மீசையே பாதியில நிக்குது."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்... உள்ளே அரிவாள் தீட்டிக்கொண்டே.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். முதலில் அலுமினியச் சட்டம், பிறகு மயிலின் கழுத்து. மணியம் பார்த்துவிட்டான் என்று தெரிந்தால்தான் அடுத்த இறகை ஒட்டக் கை வரும். "மயிலா, வான்கோழியா?" என்று அவன் எழுதிவிட்டால் வெறியே பிடிக்கும். அந்தப் பதற்றத்தில் ஒருநாள் என் கட்டைவிரலையும் மயிலோடு சேர்த்து ஒட்டிவிட்டேன்.

"சாமிக்குச் செய்றீங்களா, போனுக்குச் செய்றீங்களா?" என்றாள் மனைவி.

விரதம் இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? சீறினேன்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் மணியத்தின் அம்மா இறந்துபோனார். எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? துக்கமா? இல்லை... தீட்டு! சாவு விழுந்த வீட்டுக்காரன் கோயிலுக்கு வரமாட்டானே. என் காவடியைப் பார்த்து இனி யார் நொந்துபோவது?

விரதத்தைச் சாக்காகச் சொல்லி இழவு வீட்டுக்கும் போகவில்லை. உண்மையில், தோகை பாக்கியிருந்தது. முடித்தேன். இரங்கல் செய்திகளுக்கு நடுவே, குழுவில் அந்தப் படத்தையும் போட்டேன். ஆமாம், போட்டேன்.

மணியம் எனக்குத் தனியாக எழுதினான்: "அழகா முடிச்சிட்ட, மச்சான். நான் வர முடியாது. அம்மாவுக்கும் சேர்த்து வேண்டிக்கோ."

ஜெயித்துவிட்டேன் அல்லவா? பிறகு ஏன் அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் படித்தேன்?

தைப்பூசத்தன்று சன்னதியில் பூசாரி திருநீறு நீட்டியபோது, தோகை முழுதாகப் படத்தில் விழுகிறதா என்று மைத்துனனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறெதையும் நினைக்கவில்லை. மணியத்தின் அம்மாவை... சத்தியமாக நினைக்கவில்லை.

மாலையில் மணியம் போனில் கேட்டான்: "வேண்டிக்கிட்டியா?"

"முதல் வேண்டுதலே அதான்டா."

அதை அவன் இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் கண் கலங்கச் சொல்கிறான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.