ஒருவர் பின் ஒருவராக

மகளின் சட்டைக்கு வாங்கிய புதுச் சீத்தைத் துணியைப் பிரித்ததும், அந்தக் கஞ்சி வாசனையோடு, ஏழு வயதில் நான் பார்த்த கொழும்புப் புறக்கோட்டைத் தெரு வந்துவிட்டது. டிராம் மணி, துணிக்கடைகளின் கூவல், தரை தெரியாத கூட்டம். தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதையில் நடந்து பழகிய நாங்கள், அந்த அகலமான தெருவிலும் அப்பா, அம்மா, நான் என்று ஒருவர் பின் ஒருவராகவே நடந்தோம். ரிப்பன் கடை முன் நான் நின்றுவிட்டதை அறியாமல் அவர்கள் போய்விட்டார்கள். சத்தம்போட வெட்கப்பட்டு, செருப்புக் கால்களுக்கு நடுவே அம்மாவின் வெறுங்கால்களைத் தேடியபடி வெகுநேரம் நின்றேன்.

“கூப்பிட வாயில்லையாடி? பின்னாலயே வர்றன்னுல்ல நெனச்சேன்” என்று, திரும்பி வந்த அம்மா அழுதாள்.

நான் மகளை முன்னால் விட்டே நடக்கிறேன். ஆனால், நான் பின்னால் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?