ஷாங்காய்ப் புத்தகத்தில் இல்லாத வரி

பதினொரு வயதில் எனக்கு வாய் நீளம். அப்பாவை விட நோர்வீஜிய மொழி நன்றாக வரும் என்ற தலைக்கனம் வேறு. லில்லெஸ்ட்ரோமில் அப்பா வேலை செய்த பெட்டித் தொழிற்சாலை, புது இயந்திரம் பழக அவரை ஒரு கிழமை ஷாங்காய்க்கு அனுப்ப முடிவு செய்தது. அகதியாக வந்த நாளிலிருந்து அவரை வேலையில் யாரும் எதற்கும் தெரிந்தெடுத்ததில்லை. அம்மா அதை நாங்கள் குடியிருந்த ரொம்சோஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். நூலகத்தில் எடுத்த பயண வழிகாட்டியைத் தமிழில் வாசித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. விமான நிலையத்தில் தாங்களாக வந்து கூப்பிடும் டாக்சிக்காரரை நம்பக் கூடாது. ஹோட்டலின் பெயரைச் சீன எழுத்தில் எழுதி வாங்காமல் வெளியே இறங்கக் கூடாது. கழிப்பறைக் காகிதம் கையோடு வேண்டும். அப்பா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். அம்மா காகிதச் சுருள் ஒன்றைப் பருத்தித்துறை வடைப் பொதிக்குப் பக்கத்தில் பெட்டிக்குள் வைத்தார்.

மூன்றாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது. கடவுச்சீட்டை எப்போதும் கூடவே வைத்திருங்கள் என்று ஒரு வரி வந்தது. அதோடு என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தேன்.

"கையிலை இல்லாட்டி பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகுமாம். பிறகு ஆள் இருக்கிற இடமே தெரியாதாம்."

அப்பா எழுதுவதை நிறுத்தினார். "அப்பிடியே எழுதிக் கிடக்கு, பிள்ளை?"

"ஓம் அப்பா." சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

மறுநாள் அவர் வயிற்றுவருத்தம் என்று சொல்லிப் பயணத்தை விட்டுவிட்டார். அவருக்குப் பதிலாகப் போனவர் பின்னர் அவருக்கே மேலாளராக வந்தார். பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏச்சு விழும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதைவிடக் கேவலம், அப்பா பயந்தாங்கொள்ளி என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னார். சண்டைக் காலத்தில் கொழும்பில் ஒரு காலை கடைக்குப் பாண் வாங்க இறங்கிய அப்பாவிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. அவர் திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. கூடப் போன அவருடைய தம்பி வரவேயில்லை.

அவருக்குப் பதிலாகப் போனவர் விமானம் ஏறிய அன்று, அப்பா வேலை முடிந்து பனியோடு வந்து என் தலையில் கை வைத்தார்.

"நல்ல காலம் பிள்ளை, நீ வாசிச்சுச் சொன்னாய்."

நான் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.