கூசாத கண்

போன பங்குனியில், என்னோடு இருபது வருஷம் உப்பளத்தில் கூடை சுமந்தவளின் வீட்டுக்காரர் இறந்துபோனார். அவரும் அதே அளத்தில் உப்பு வாரியவர். நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்குப் போட்டோ என்றாலே ஆகாது. கல்யாணப் படத்தை ஒரு புயலில் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் யார் போனைத் தூக்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆதார் கார்டில் இருப்பது யார் என்று தனக்கே தெரியவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

அதனால் உடலை எடுப்பதற்கு முன்னால், நெற்றியில் காசும் தாடையில் கட்டிய துணியுமாகப் படுத்திருந்தவரை மகள் போனில் ஒரு படம் எடுத்தாள். எங்கள் பக்கம் இப்படி எடுப்பது உண்டு. ஸ்டுடியோவில் கொடுத்தால் காசையும் துணியையும் நீக்கி, கண்ணைத் திறந்து, உயிரோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி செய்து தருவார்கள்.

காரியத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது படம் வந்துவிட்டது, வந்து பார் என்று அவர் மனைவி போன் செய்தாள். அவள் வீடு உப்பளத்தை ஒட்டின கடைசி வீடு. நான் போனது உச்சிப் பொழுது. அந்த நேரத்தில் பாத்திகளில் ஆளே இருக்காது. காற்றும் நின்றிருந்தது. பாத்தித் தண்ணீரில் பட்ட வெயில் வாசல் வழியாக உள்ளே வந்து எதிர்ச் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் அவர் இருந்தார். நீலக் கோட்டு, சிவப்பு டை, முதுகுக்குப் பின்னால் ஒரு அருவி. சட்டத்தைச் சுற்றி சீரியல் பல்பு ஓடியது.

கண் அவருடையது இல்லை.

யாரோ சின்ன வயசுக்காரனின் கண். அகலமாக, பளபளவென்று. நான் கதவோரம் நகர்ந்தேன். கூடவே வந்தது. அதுகூடப் பரவாயில்லை, எந்தப் படமும் அப்படித்தான் என்பார்கள். ஆனால் அவ்வளவு வெளிச்சமும் நேராக முகத்தில் அடிக்க, அது கண்ணைச் சுருக்கவே இல்லை. உப்பு வெயிலில் வேலை செய்த எங்களில் ஒருத்தருக்கும் அப்படி விழிக்க வராது. வீட்டுக்குள் வந்தாலும், தூங்கி எழுந்தாலும், எங்கள் கண் பாதிதான் திறக்கும். படம் எப்படிச் சுருக்கும் என்று புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை. முதுகு வேர்த்துக் கொட்டியது.

"இன்னாக்கா, எப்டி இருக்காரு?"

"கோட்டு நல்லா பொருந்தியிருக்குது," என்றேன். அது பொய் இல்லை.

"நான்தான் நீலம்னு சொன்னேன். இருந்தப்ப ஒரு நல்ல சட்டை போட்டாரா மனுசன்? இப்ப யாரு தடுக்கறதுன்னு போட்டு வுட்டேன்." சிரித்தவள் அப்படியே மூக்கைச் சிந்தினாள். "எம் பொண்ணு காலையில பாத்துட்டு, 'இது எங்கப்பா இல்ல, எவனோ நம்ம வூட்ல நிக்கறான். இத கழட்டுனாதான் காரியத்துக்கு வருவேன்'னு புதுச்சேரி பஸ் ஏறிட்டா. பேரப்புள்ள ஒரே அலறல். நீ பொய் சொல்ல மாட்டக்கா. சொல்லு, இது அவரு இல்லியா?"

மகளுக்குப் பட்டதுதான் எனக்கும் பட்டது. அதையே நானும் சொன்னால், அவரை இன்னொரு தடவை தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் அவளுக்கு. நன்றாக இருக்கிறது என்றாலோ, பெற்ற மகள் இல்லாமல் அந்தக் கண்ணுக்கு முன்னால் தனியாகக் காரியம் செய்வாள்.

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"மீசை, நெத்தி, எல்லாம் அவருதான். ஆனா பாவம், இம்மா வெளிச்சத்துல நிக்கறாரே, கண்ணு கூசாதா? அளத்துலேந்து வந்தா இப்டி இடுக்கிக்கினுதானே உன்ன பாப்பாரு?"

அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமாக்கா. இடுக்கிக்கினு பாத்தாதான் அவரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நானும் காலையிலேந்து அதுக்கு முதுக காட்டிக்கினுதான் உக்காந்திருக்கேன்."

மறுநாள் இரண்டு பேரும் திண்டிவனம் போனோம். ஸ்டுடியோக்காரருக்குப் புரியவில்லை. "இடுக்குன கண்ணுக்கு நான் எங்கம்மா போவேன்? ஒரு கண்ண பாத்து எடுத்துத்தான் வெக்க முடியும்."

அவள் சட்டென்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இந்தா, இவங்கள எடு. ஒரே அளம், ஒரே வெயிலு. எங்க எல்லாருக்கும் ஒரே கண்ணுதான்."

"ஐயோ, நான் வேணாம்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"நீதானக்கா சொன்ன?"

நான்தான் சொன்னேன். கடைவாசலில் வெயிலைப் பார்க்க நிற்க வைத்தார். "சிரிக்காதீங்கம்மா," என்றார். நான் சிரிக்கவில்லை.

அவள் போனில் கெஞ்சிக் கேட்டதால் காரியத்தன்று மகள் வந்தாள். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள். பல்பு ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த பிள்ளை அழவில்லை. "அப்பா," என்றாள் மகள். "எங்கப்பாவேதான்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பெற்றவள் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

என் இடது கண்ணோரத்தில் ஒரு தழும்பு உண்டு. பலகையால் உப்பு வாரும்போது தெறித்த கட்டி கிழித்தது. அவருக்கு அந்தத் தழும்பு கிடையாது. இப்போது இருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போனால் கதவோரமாக உட்கார்ந்துகொள்கிறேன். "இன்னாக்கா, அவர ஏறெடுத்தே பாக்க மாட்டற?" என்று டீ கொடுக்கும்போது கேட்பாள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பேன். சுவரில் வெளிச்சம் ஆடும்போது நான் கண்ணைச் சுருக்கினால், அங்கே ஏற்கெனவே சுருங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் குளித்துவிட்டு வந்து அந்தப் புருவங்களுக்கு நடுவில் சந்தனம் வைக்கிறாள். அந்த நேரத்தில் நான் என் வீட்டில் அடுப்புக்கு முன்னால் இருந்தாலும், நெற்றியில் ஈர விரல் பட்ட மாதிரி சில்லென்று ஒன்று வந்து போகிறது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் படத்தைக் கழற்றிவிடுவாள்.