சத்தம் வராத படம்

திரையின் ஓரத்தில், படத்தின் பெயருக்குக் கீழே, சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ஒரு வரி: ஆடியோ - தெரியவில்லை. தஞ்சாவூரில் ஒரு டயாலிசிஸ் வார்டின் கம்ப்யூட்டர்களை நான் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் என்னை அலைக்கழித்த வரி அது. ஊசி குத்திய கையை அசைக்காமல் மணிக்கணக்காய்ப் படுத்திருப்பவர்களுக்காக, யார் யாரோ கொடுத்த படங்களை ஒரு மென்பொருளில் அடுக்கி, சுவர் டிவியில் ஓடவிட்டிருந்தோம். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, அதன் ஒலி எந்த வகையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளும். ஒரு படத்திடம் மட்டும் தோற்றுப்போனது. அதில் மழையும் ஊமை, சண்டையும் ஊமை.

ஊமைப் படத்துக்கு வாய் கொடுத்தவர் முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த படகுக்காரர். சிறுநீரகம் இரண்டும் போனபின் கடலுக்குப் போக முடியாமல் படகை மச்சானிடம் விட்டவர். கதாநாயகி கண்ணீரோடு நெருங்கினால், "மத்தி மீனு வாங்கியாந்தியா, இல்ல சும்மா வந்தியா?" என்பார். அடுத்த கட்டிலில் திருவையாற்று டீச்சர். இரண்டு பஸ் மாறி, தனியாக வருவார். மகன் வெளிநாட்டில். போதும், நிறுத்திவிடுகிறேன் என்று சிஸ்டரிடம் அவர் சொல்லியிருந்தது வார்டுக்கே தெரியும். நிறுத்தினால் என்னவாகும் என்பதும் தெரியும். படகுக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பாதிப் படத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "மிச்சத்துக்கு வசனம் இன்னும் எழுதல டீச்சர், அடுத்த தடவ வாங்க" என்பார். டீச்சர் திட்டிக்கொண்டே வருவார்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. ஓடிக் களைத்த கதாநாயகன் ஆற்றில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடிப்பான். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் வாய்க்கால் வாய்க்காலாய்ப் போய் நின்று பார்க்கிற ஊர் எங்களுடையது. அந்த வார்டில் படுத்திருந்தவர்களுக்கோ தண்ணீர் அளந்துதான். நாக்கு வறண்டால் உதட்டை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த இடம் வந்ததும் படகுக்காரர் சொல்வார்: "எனக்கும் சேத்துக் குடிடா தம்பி. டீச்சருக்கு அரை டம்ளர் வை." கட்டில் கட்டிலாய்ச் சிரிப்பு ஓடும்.

நான் விடாமல் நோண்டிக்கொண்டிருந்தேன். அந்த வகை ஒலியைப் பிரித்துப் படிக்கிற கோடெக் என்ற துணைநிரல் விடுபட்டிருந்தது, அதைப் போட்டேன்; அப்போதும் தெரியவில்லை என்றே காட்டியது. மென்பொருள் முன்பு குறித்துவைத்ததையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறது என்று புரிய நாளாயிற்று. பழைய குறிப்பை அழித்து மறுபடி தேடச் சொன்னதும் ஒலி வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. ஆற்றுக் காட்சி வந்தது. மடக் மடக்கென்று அவன் விழுங்கும் சத்தம் வார்டு முழுக்க நிறைந்தது. ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். படகுக்காரர் எச்சில் விழுங்கியது எனக்குத் தெரிந்தது.

என்னை வெளியே அழைத்துப்போய் சிஸ்டர், "கம்ப்யூட்டர் சார், அத பழையபடி கெடுத்துக் குடுத்துருங்க" என்றார். கோடெக்கை எடுத்துவிட்டு, குறிப்பை அழித்து மறுபடி தேடவைத்தேன்; பழைய வரி திரும்பி வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் படகுக்காரர் வரவில்லை. மூச்சு முட்டி, ஊரிலேயே முடிந்துவிட்டதாக மச்சான் போனில் சொன்னார். அவருடைய கட்டிலில் புது விரிப்பு போட்டு வேறொருவரைப் படுக்கவைத்தார்கள். என்ன படம் போடட்டும் என்று கேட்டேன். டீச்சர்தான், "அதையே போடுங்க தம்பி" என்றார். திரையில் வாய்கள் அசைந்தன. மெஷின்கள் சுழலும் சத்தம் மட்டும். கதாநாயகன் ஆற்றில் இறங்கினான். டீச்சர் திரையைப் பார்த்தபடி, வகுப்பில் பேசுகிற அதே தெளிவான குரலில், "எனக்கு வெச்ச அரை டம்ளரையும் நீங்களே குடிச்சிடுங்க" என்றார்.

அடுத்த முறை அவர் வரவில்லை. சிஸ்டர் போன் செய்தபோது, பஸ் ஏற முடியவில்லை என்றாராம். ஆள் அனுப்புகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று நன்றி சொல்லி வைத்துவிட்டாராம்.

இப்போதும் அவசரமென்றால் அந்த வார்டுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். மென்பொருள் பலமுறை மாறிவிட்டது, எந்த ஒலியையும் கண்ணிமைப்பதற்குள் கண்டுபிடிக்கிறது. அந்த ஒரு படத்தின் ஒலியை மட்டும் அது மறுபடி தேடாதபடி பூட்டிவைத்திருக்கிறேன். புதிதாக வந்த நர்ஸ், இதைச் சரிபண்ண முடியாதா சார் என்று கேட்டாள். முடியாதும்மா என்றேன். திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் அதே வரி. நடுவில் அவன் குனிந்து அள்ளுகிறான், யாருக்கும் மிச்சம் வைக்காமல் குடிக்கிறான்.