ஒரு பாவமும் செய்யாத இன்னாசிமுத்து திருந்திய வரலாறு

கோயமுத்தூரில் குடிகாரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் குடிகாரராகப் படத்துக்கு நிற்க மட்டும் ஆள் கிடைக்காது. இந்த உண்மையை முதலில் கண்டறிந்தவர் சிங்காநல்லூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் இன்னாசிமுத்து. அதற்காக அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஓர் அறக்கட்டளை விழிப்புணர்வுப் படங்கள் வேண்டும் என்று அவரிடம் வந்தது. முதல் தலைப்பு மது. நிஜ ஆளையே பிடித்துவிடலாம் என்று, தினமும் சாயங்காலம் ஸ்டுடியோ வழியாக ஆடிக்கொண்டு போகிற ஒருவரைக் காலையில் வரச் சொன்னார். அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். பாட்டிலைக் கையில் கொடுத்தால், "மரியாதப்பட்ட குடும்பமுங்க" என்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். படத்தில் கூட்டுறவு சங்கத் தலைவர் மாதிரி இருந்தார். போகும்போது அதிலேயே பாஸ்போர்ட் சைஸில் எட்டுப் பிரதி வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கே இன்னாசிமுத்து முடிவு செய்துவிட்டார். கேமராவை ஸ்டாண்டில் மாட்டினார், பத்து செகண்டு டைமர் வைத்தார், ஓடிப்போய்த் தானே குடிகாரராக விழுந்தார்.

இதற்கென்றே வாய்த்த முகம் அவருக்கு. புருவம் இரண்டும் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். எதையோ செய்து பிடிபட்ட மாதிரியே இருப்பார். சின்ன வயதில் கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கின, முதல் நன்மை அன்று எடுத்த படத்திலும் அப்படித்தான். ஒன்பது வயதில் அப்படி என்னதான் செய்துபோட்டீங்க என்று அவர் மனைவி சூசைமேரி இன்றைக்கும் கேட்பதுண்டு. உள்ளபடிக்கு அவர் பீடியைத் தொட்டதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ரசத்தைக்கூட மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

ஏழு வருடத்தில் அவர் செய்யாத குற்றம் பாக்கியில்லை. தலைக்கவசம் இல்லாமல் போனார், சாக்கடையில் குப்பை கொட்டினார், புகையிலையில் இருமினார், வரதட்சணை கேட்டார். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டித் திட்டம் போட ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் மதுவின் பக்கம் இப்படி இருந்தது: "குடி. லுங்கி. சட்டையில ரெண்டு பட்டன் இருக்கக் கூடாது. பாட்டில்ல கடுங்காப்பி. கண்ணு செவக்கறதுக்கு வெங்காயம். நேரம்: முக்கால் மணி. முடிஞ்சதும் மூஞ்சி கழுவிக்கோணும்."

இப்படித் தடையில்லாமல் குற்றம் செய்துகொண்டிருந்தவரைத் தடுமாற வைத்தது ஒரே ஒரு தலைப்புதான். அறக்கட்டளையில் இந்த வேலைகளைப் பார்க்கும் சண்முகப்பிரியா ஒருநாள் வந்து, இந்த வருசம் சமூக ஊடக அடிமைத்தனமுங்கண்ணா என்றாள்.

குடிகாரனுக்கு லுங்கி உண்டு, புகையிலைக்காரனுக்கு இருமல் உண்டு. போனுக்கு அடிமையானவனுக்கு என்ன அடையாளம்? இன்னாசிமுத்து மூன்று நாள் யோசித்துவிட்டு, முக்குப் பேக்கரியில் டீயை வைத்துக்கொண்டு, போனைக் கையில் பிடித்து டைமரில் ஒரு படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால், அதாவது கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், பின்னால் இருந்த எட்டுப் பேரும் யாரும் சொல்லாமலே போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். டைமர் விளக்கு மினுக்குகிறதா என்று நிமிர்ந்து பார்த்தவர் இன்னாசிமுத்து மட்டும். படத்தில் அடிமையாகாதவர் அவர் ஒருவர்தான்.

சண்முகப்பிரியா பார்த்தாள். "இது சாதாரணமா இருக்குதுங்கண்ணா. பிரச்சினையே தெரியல" என்றாள். பின்னால் இருப்பவர்களை மங்கலாக்கிவிட்டு, இவரைச் சங்கிலியால் கட்டச் சொன்னாள்.

சங்கிலிக்குப் பக்கத்து வீட்டு சீனிவாசலுவிடம் போனார். அவர் தன் நாயை அவிழ்த்துவிட்டுச் சங்கிலியைக் கொடுத்தார். இன்னாசிமுத்துவின் கையும் போனும் சேர்த்துக் கட்டப்பட்டன. அந்த ஒரு மணி நேரம் விடுதலையாக இருந்த நாயும் படத்தின் ஓரத்தில் விழுந்திருக்கிறது. போஸ்டரின் அடியில் சண்முகப்பிரியா "உண்மைச் சம்பவம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். இவர் கேட்டதற்கு, ஊர்ல நடக்கறதுதானுங்களே அண்ணா என்று பதில் சொன்னாள்.

அது வெளியான வாரத்தில்தான் அவர் மகள் டெய்சிக்கு முதல் ஓலை வாசித்தார்கள்.

கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். மாப்பிள்ளை வின்ஸ்டன், கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கும் சவரியப்பனின் மகன். டெய்சிக்கு இது ஏழாவது இடம். முதல் ஆறைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை. ஏழாவது வந்து போன அன்று மட்டும் அப்பாவிடம், "எனக்கு இந்த இடம் புடிச்சிருக்குதுங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆய்வக வேலைக்குப் போய்விட்டாள். இருபத்தேழு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான் என்று இன்னாசிமுத்துவுக்கு ஞாபகம்.

ஞாயிறு முதல் ஓலை. செவ்வாய்க்கிழமை சங்கிலிப் படம் கருமத்தம்பட்டி மாதர் சபை வாட்ஸப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா அமலோற்பவம் அந்தக் குழுவை விடியற்காலைப் பூசைக்கு முன்னாலும் பின்னாலும், சாமியார் பிரசங்கம் நீண்டால் நடுவிலும் பார்ப்பவர். சம்மந்தி சங்கிலியில் கிடப்பதைப் பார்த்தார். டவுன் பஸ் முதுகில் போன வருடம் பார்த்த குடிகாரரும் இதே முகம்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

புதன்கிழமை புருசனும் பெண்டாட்டியும் வந்துவிட்டார்கள். கொங்கு நாட்டு மரியாதை எப்பேர்ப்பட்டது என்றால், முதல் கால் மணி நேரம் மழையைப் பற்றியும் பாலம் கட்டும் வேலையைப் பற்றியும் பேசினார்கள். காப்பி குடித்து முடித்த பிறகுதான் அமலோற்பவம், "ஏனுங்க சம்மந்தி, ஒடம்புக்கு இப்ப எப்படீங்க? ராத்திரி தூக்கமெல்லாம் வருதுங்களா?" என்று ஆரம்பித்தார்.

இன்னாசிமுத்து எல்லாவற்றையும் விளக்கினார். டைமரைக் காட்டினார், கடுங்காப்பியைச் சொன்னார், நாயைக்கூடக் காட்டினார். அமலோற்பவம் பரிவோடு கேட்டுக்கொண்டார். குடிக்கறவங்க யாருங்க குடிக்கறேன்னு ஒத்துக்கறாங்க, எம்பட அண்ணனும் கடைசி வரைக்கும் சத்தியம் பண்ணிப் பண்ணியே போனாருங்க என்றார்.

அப்போது இன்னாசிமுத்து தன் வாழ்நாளின் ஒரே உண்மையான தப்பைச் செய்தார். ஆதாரம் இருக்குதுங்க என்று திட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

அமலோற்பவம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "'பொகையில. வியாழக்கெழமை காத்தால. வெறும் வயித்துல. இருமல் நல்லா வரோணும்.'"

"அது மொகம் வாடித் தெரியறதுக்குங்க."

"'வரதட்சணை. புது வேட்டி. பேராசை பத்தல, மறுக்காச் செய்யோணும்.'"

சவரியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெண்ணுக்கு அப்பாவே வரதட்சணை கேட்பாரா என்று அவர் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை.

அமலோற்பவம் பக்கத்தைத் திருப்பினார். "'பொண்டாட்டிய அடிக்கறது. சனிக்கெழம சாயங்காலம் நாலர. மஞ்ச வெயில் இருக்கறப்பவே முடிச்சுப்போடோணும். சூச சிரிக்கக் கூடாது.'"

எல்லோரும் சூசைமேரியைப் பார்த்தார்கள். புருசனைக் காப்பாற்ற வேண்டிய நேரம் இது என்று அவருக்கும் புரிந்தது.

"அதையேனுங்க கேக்கறீங்க" என்றார். "ஏழெட்டு வாட்டி கையை ஓங்கினாருங்க. எனக்குன்னா சிரிப்பே அடங்குலீங்க."

"பாவம், பழகிப்போச்சாட்ட இருக்குது" என்று அமலோற்பவம் புருசனின் காதில் சொன்னார். சவரியப்பன் முப்பது வருடம் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர். அவர் ரகசியம் சொன்னால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். "பழகிப்போச்சாட்டத்தான் இருக்குது" என்று அவரும் ரகசியமாகச் சொன்னார். வாசலுக்கு வெளியே சீனிவாசலுவின் நாய் குரைத்தது.

ரெண்டாவது ஓலையை மட்டும் விசாரிச்சுட்டு வாசிக்கலாமுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். டெய்சி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அழுதிருந்தால் இன்னாசிமுத்துவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

விசாரிப்பு என்று அவர்கள் போன இடம் சிங்காநல்லூர்ப் பங்குச் சாமியாரிடம். நியாயமான இடம்தான். நான்கு வருடமாக மாதம் தவறாமல் இன்னாசிமுத்து தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவர் அவர். ஒருவேளை மட்டும் சாப்பிடவேண்டிய வெள்ளிக்கிழமை ஒருசந்தி நாளில் பேக்கரியில் முட்டை பப்ஸ் தின்றதைத் தவிர இந்த மனிதரிடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை என்பது இந்தப் பூமியில் அவர் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும்.

"குடிச்சேன்னு எப்பவாச்சும் சொல்லியிருக்காருங்களா சாமி?" என்று அமலோற்பவம் கேட்டார்.

"பாவசங்கீர்த்தனத்துல சொன்னத நான் வெளிய சொல்லக் கூடாதுங்கம்மா."

"அப்பச் சொல்லியிருக்காருங்க."

"சொன்னாருன்னும் சொல்லக் கூடாது, சொல்லுலீன்னும் சொல்லக் கூடாதுங்க."

செய்த பாவத்தைக் காப்பது திருச்சபைக்கு வழக்கம். செய்யாத பாவத்தையும் சேர்த்தே காக்கவேண்டி வந்தது. அமலோற்பவம் வேண்டியதைத் தெரிந்துகொண்ட முகத்தோடு வெளியே வந்தார் என்று, கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை பிறகு வந்து சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை இன்னாசிமுத்து ஸ்டுடியோவைத் திறக்காமல் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழு வருடமாக ஒவ்வொரு படத்துக்கும் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: பார்க்கிறவர்கள் எதை நம்புவார்கள்? விழவே இல்லை என்று சொல்கிறவனை ஒருத்தரும் நம்புவதில்லை. விழுந்து எழுந்தேன் என்பவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். புதுப் பக்கத்தில் எழுதினார்: "மீண்டவர். வெள்ளச் சட்ட. பக்கத்துல சூசையும் பொண்ணும். கையில செபமால. சங்கிலி அவுந்து தரையில. போன் மேச மேல, குப்புற. நேரம்:" அந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று தெரியாததால் விட்டுவிட்டார்.

டெய்சிக்கு இது பிடிக்கவில்லை. "நீங்க செய்யாததுக்கு எதுக்குங்கப்பா திருந்தோணும்?" என்று கேட்டாள்.

"செய்யாததத்தான கண்ணு ஏழு வருசமாச் செஞ்சுட்டிருக்கேன்" என்றார் இன்னாசிமுத்து. டைமரை அமுக்கிவிட்டு ஓடி வந்தார்.

பதினாறு படம் எடுத்தும் அந்தப் பிடிபட்ட முகம் போகவில்லை. கடைசியில் சண்முகப்பிரியாவுக்கு அப்படியே அனுப்பி, திருந்தின களை வரலையே அம்மணி என்று வருத்தப்பட்டார். அவளுக்கானால் பரம திருப்தி. பழசு இன்னும் மூஞ்சில இருக்குதுங்கண்ணா, அதுதான் நம்பற மாதிரி இருக்குது என்றாள். "இவர் மீண்டார், நீங்களும் மீளலாம்" என்று மேலே போட்டாள். "உண்மைச் சம்பவம்" என்று கீழே போட்டாள். அச்சடிக்க நேரமில்லை. சமூக ஊடகத்திலிருந்து மீண்டவரின் செய்தி சமூக ஊடகத்தின் வழியாகவே சனிக்கிழமை மத்தியானம் கருமத்தம்பட்டியை அடைந்தது.

மூன்று மணிக்கு அமலோற்பவம் கூப்பிட்டார். மூக்குறிஞ்சும் சத்தம்தான் முதலில் வந்தது.

"எம்பட அண்ணன் இந்த மாதிரி ஒருநாளு ஒக்காந்திருந்தா நாங்க எல்லாத்தையும் மறந்திருப்பமுங்க" என்றார். "நீங்க சாமியாரு கிட்டச் சொல்லீருங்க. நாளைக்கு ஓலை வாசிக்கட்டும்."

மறுநாள் வாசித்தார்கள். அடுத்த ஞாயிறும் வாசித்தார்கள். தடை சொல்ல ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் அமலோற்பவம் போன் அடிமைத்தனத்தைக் கைவிடுவது பற்றி ஐந்தாறு வீடியோ அனுப்பிவைத்தார். இவர் அவற்றைப் பார்த்தால், மறுபடி ஆரம்பிச்சிட்டாருங்களா என்று சூசைமேரியிடம் விசாரணை வந்தது. பார்க்காவிட்டால் சம்மந்திக்கு மரியாதை இல்லை. சூசைமேரியே போனை வாங்கிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் கும்பிடும் கையைப் பதிலாக அனுப்பினார்.

கல்யாணத்தன்று பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்ததும், அமலோற்பவம் உறவுக்காரர்கள் நான்கு பேர் கேட்க, "குடிய விட்டு எத்தன வருசமாச்சுங்க சம்மந்தி?" என்றார். இதற்கு இன்னாசிமுத்து திட்டம் போட்டிருக்கவில்லை. மேடையைப் பார்த்தார். டெய்சி வின்ஸ்டனிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருசமாச்சுங்க."

"ஏழுங்களா? பஸ்சுல அந்தப் படம் போன வருசந்தானுங்களே ஒட்டியிருந்துது?"

புருவம் இரண்டும் நடுவில் உயர்ந்தன. "நடுவுல ஒருக்காத் தவறிப்போச்சுங்க" என்றார் இன்னாசிமுத்து.

அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது எல்லாத்துக்கும் வர்றதுதானுங்க, எந்திரிச்சீங்களே அது போதும் என்றார். நால்வரில் ஒருவர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாப்பாட்டுக்கு முன்னால் திராட்சை ஜூஸ் வந்தது. இவர் கையில் இருந்த தம்ளரை சவரியப்பன் மெதுவாக வாங்கினார், மோந்து பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "வெறும் ஜூசுதானுங்க. தைரியமாக் குடிங்க" என்று ரகசியம் சொன்னார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தது. இன்னாசிமுத்து குடித்தார்.

மறுநாள் காலை ஸ்டுடியோவைத் திறந்ததும் நோட்டை எடுத்தார். மீண்டவர் பக்கத்தில் காலியாக விட்டிருந்த இடத்தை நிரப்பினார்: "நேரம்: கடேசி வரைக்கும். மூஞ்சி கழுவிக்கறதுக்கில்ல."